மாதா போத்தல்

"ஐயோ மாமி, அதைக் குடுக்காதேங்கோ!"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கொறற்றி அறைக்குள் பாய்ந்தாள். பிறேமா மாமி அதைப் பொருட்படுத்தவில்லை. சாகக் கிடந்து சேடம் இழுத்துக்கொண்டிருந்த தன் அண்ணன், கொறற்றியின் அப்பா மரியரட்ணத்தின் வாயில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"மாதாத் தண்ணியடி பிள்ளை. ஃபிரிட்ஜுக்குள்ள கிடந்தது."

புனித நீர் அடைத்து விற்கும், நீல மூடி போட்ட லூர்து மாதா உருவப் போத்தல். முக்கால்வாசி காலி.

"அது தம்பி வின்சன்ற் கொழும்பிலயிருந்து குடுத்துவிட்ட கிணத்துத் தண்ணி. சோதிக்கவெண்டு நான்தான் கேட்டனான். கக்கூசுக் குழிக்குப் பக்கத்துக் கிணறு மாமி!"

கொறற்றிக்கு டோர்ட்மண்டில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே, கொழும்புக் கடற்கரைக் குடிசையில், வின்சன்றின் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்பதேயில்லை. கிணற்றைக் குறை சொன்னால் அயலார் சண்டைக்கு வருகிறார்களாம். ஜெர்மன்காரன் சொன்னால்தான் நம்புவார்களாம். வேறு போத்தல் கிடைக்காமல், அவள் எப்போதோ அனுப்பிய மாதா போத்தலில் அடைத்து அனுப்பியிருந்தான், மடையன்.

அழுகிய முட்டையும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம் அடித்தது. கொறற்றி மூக்கைப் பொத்தினாள். சீ! மனிசர் குடிக்கிற தண்ணியா இது?

மாமி கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் தேய்த்தாள்.

மரியரட்ணம் கண்ணைத் திறந்து நாக்கைச் சப்பினார்.

"உப்பு... எங்கட கிணறெல்லே."

ஜெர்மனிக்கு வருமுன் அந்தக் குடிசையில் இருந்தபோது அவர் தன் கையால் வெட்டிய கிணறு அது.

"இன்னுங் கொஞ்சம் தா பிள்ளை."

மிச்சம் சோதனைக்கே மட்டுமட்டு. கொறற்றி மாமியைப் பார்த்தாள். மாமி சுவரைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்தபடியே கிடந்தார்.

கொறற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். போத்தல் முடியும்வரை ஊற்றினாள். பாதி கடைவாயால் வழிந்து கன்னத்தில் ஓடியது. அதற்குப் பிறகு அவர் எதையும் விழுங்கவில்லை.

"கடைசியா ஒருக்காக் கொஞ்சிவிடு பிள்ளை," என்றாள் மாமி அழுதுகொண்டே.

கொறற்றி குனிந்து அந்த ஈரக் கன்னத்தில் கொஞ்சினாள். உதட்டில் உப்புக் கரித்தது. குளியலறைக்கு ஓடிச் சத்தியெடுத்தாள்.

பிறகு குடிசைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்து வின்சன்றைக் கூப்பிடச் சொன்னாள்.

"தம்பி, பிள்ளையளுக்கு அந்தத் தண்ணியைக் குடுக்காதை. ஜெர்மன்காரர் சோதிச்சிட்டினம். எல்லாருக்கும் சொல்லு."

"அவ்வளவு மோசமோ அக்கா?" வின்சன்ற் குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அந்தக் கிணறெண்டால் அவருக்கு உயிரெல்லே."

கொறற்றி சட்டைக் கையால் உதட்டை மறுபடியும் துடைத்தாள்.