ஒரு கைக் கிளிப்

ஒயோனா ஊரில் பாதி வீடுகளுக்குப் படியளந்தவை பிளாஸ்டிக் சீப்பும் கிளிப்பும்தான். அவற்றை அச்சில் வார்க்கும் மோல்டிங் மெஷின் முன் நிற்கிற பெண்களுக்கு, அச்சிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு காய்க்கும் இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு காய்க்கும் பாதுகாப்புக் கதவை இழுத்து மூடினால் கூலி பாதியாகிவிடும். அதனால் கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். ஊரே செய்த காரியம். மெக்கானிக் ஃபெர்னாணும் தன் மனைவி யுகேத்தின் மெஷினுக்குக் கட்டிக் கொடுத்தான். ஒரு வியாழக்கிழமை அச்சு அவள் கைமேல் மூடிக்கொண்டது. இடக்கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

யுகேத்துக்கு இடுப்புவரை முடி. இனி எப்படிக் கொண்டை போடுவாள்? தினமும் காலையில் சமையலறை நாற்காலியில் முதுகைக் காட்டி உட்காருவாள். அவன் பின்னால் நின்று சீவிக் கட்டிவிடுவான். முதலில் அவன் போட்ட கொண்டைகள் குருவிக்கூடு மாதிரி இருந்தன. அவள் அப்படியே கடைக்குப் போய் வந்தாள். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தினமும் தொண்டைவரை வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விழுங்கிவிடுவான். கோழை, வேறென்ன.

வாயால் முடியாததைக் கையால் செய்யப் பார்த்தான். இரண்டு வருடம் பட்டறையிலேயே கிடந்து ஒரு கிளிப் செய்தான். இருபுறமும் பல், நடுவில் ஸ்பிரிங். அழுத்தினால் திறக்கும், விட்டால் முடியைக் கவ்விக்கொள்ளும். யுகேத் மிஞ்சிய கட்டைவிரலால் கொண்டையை அழுத்திக்கொண்டு வலக்கையால் மாட்டினாள். நின்றது.

"இனிமே உனக்கு வேலை மிச்சம்" என்றாள்.

மறுநாள் அவன் எழுந்து வருவதற்குள் கொண்டை போட்டு முடித்திருந்தாள்.

கிளிப் உலகம் சுற்றியது. மேயர் விருந்து வைத்து அவனுக்குப் பதக்கம் மாட்டினார். வீட்டில் முப்பத்தோரு வருடம் இருவரும் காலையில் ஆளுக்கொரு காபியைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

நுரையீரல் கெட்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஃபெர்னாண் வாயைத் திறந்தான். கம்பி கட்டியது தன் தப்புதான், மன்னிப்பாயா என்று கேட்டான். அப்போது அவனுக்கு எழுபத்து நான்கு வயது.

"கட்டச் சொல்லி நச்சரிச்சதே நான்தானே" என்றாள் யுகேத். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தினமும் உனக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். மூஞ்சியைப் பார்க்காமச் சொல்றது உனக்குச் சுலபமா இருக்கும்னு. இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பார்த்தேன். நீ கிளிப்பைக் கொண்டுவந்து கையில குடுத்த. சரி, என் தலையைத் தொட உனக்குச் சலிச்சுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அப்படியில்லை என்றான். திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

கல்லறைக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் தலையில் அவன் கிளிப் இருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். அவன் கடைசிவரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.