இடது கட்டைவிரல்

குளிப்பாட்டுவதற்கு முன் கட்டைவிரல் கட்டை அவிழ்க்க வேண்டும். நாகபூஷணம் நகத்தால் நெருடிப் பார்த்தார், முடிச்சு அசையவில்லை. பிளேடு கேட்டார். செத்தவரின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு சின்னத் துணிக் கிழிசல் போதும். வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட ரத்னம்மாவோ பழைய வேட்டியைப் பட்டையாகக் கிழித்து, விரலே வெளியே தெரியாதபடி சுற்றிவைத்திருந்தாள்.

துணி விழுந்ததும் அண்ணனின் இடது கட்டைவிரல் தெரிந்தது. நுனியெல்லாம் ஊதா மை.

எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற யாமினியும் அதைப் பார்த்தாள். தண்ணீர் மொண்டு நின்றவரை நாகபூஷணம் கையசைத்து நிறுத்தினார்.

“இன்னாம்மா இது? உங்க நைனா கையில ஸ்டாம்ப் பேடு மை?”

யாமினியின் அப்பா சடகோபன் சித்தூரில் முப்பது வருஷம் காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவர். அவர் விரலில் பேனா மை இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“யாரோ கைநாட்டு வாங்கிக்கினு கீறாங்க,” என்றார் நாகபூஷணம். “நகரி தறிக் கொட்டாய் இன்னும் எங்க ரெண்டு பேர் பேர்லதான் கீது. இந்த வூடு வேற. மை அழியக் கூடாது. புத்தூர் வக்கீலுக்கு போன் போடறேன். வேணும்னா போலீசுக்கும் சொல்லலாம்.”

குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் சித்தப்பாவுக்குக் கிடையாது. துவைக்கும் கல்லருகே நின்ற ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, பார்த்துக்கொள்ள யாமினியே புத்தலப்பட்டிலிருந்து அழைத்து வந்து வைத்த ஆள். ஐம்பது வயதிருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள்.

யாமினிக்கு நேற்றிலிருந்தே அவள்மேல் சந்தேகம். சாயங்காலம் நாலரைக்கு, “சாரு போயிட்டாரு” என்று போன் வந்தது. திருச்சானூரில் லாட்ஜைப் புருஷனிடம் விட்டுவிட்டு அவள் ஓடிவந்து வாசலில் கால் வைத்தபோது, ரத்னம்மா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அழுதுகொண்டேதான் போனாள். அழுகிறவளுக்குப் பை எதற்கு? திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. யாமினி பீரோவைத் திறந்து பார்த்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. நகையைத் தொடாதவள் அதைவிடப் பெரிதாக எதையோ தொட்டிருக்கிறாள்.

“ரத்னம்மா, உள்ள வா.”

சமையலறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

“அந்தப் பைய எடு.”

“எந்தப் பையிம்மா?”

“சிலிண்டருக்குப் பின்னாடி தெரியுதே, அது.”

“அதுல ஒண்ணுமே லேது யாமினிம்மா. வெறும் காயிதம்.”

“காயிதத்துக்குத்தான் நான் பயந்துக்கினு கீறேன். எடு.”

ரத்னம்மா நகரவில்லை. யாமினியே குனிந்து பையை இழுத்துத் தரையில் கொட்டினாள். ஸ்டாம்ப் பேடு உருண்டு விழுந்தது. அதன்பின் ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்கட்டாகத் தினசரி காலண்டர் தாள்கள். பத்திரத் தாளைத் தேடி அத்தனையையும் கலைத்தாள். அப்படி எதுவும் இல்லை.

காலண்டர் தாள்களின் பின்பக்கம் பெரிய பெரிய எழுத்துகள். டபிள்யூ, ஐ, டி, ஈ. எழுதியவை அல்ல, வரைந்தவை. கீழே அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. எல்லாத் தாளிலும் அப்படியே.

யாமினிக்கு அந்தச் சொல்லைத் தெரியும். வைட், அகலத்தைச் சொல்லும் வைட் அல்ல. இங்கிலீஷ்காரர்களே மறந்துபோன வினைச்சொல். அம்மா போன பிறகு அப்பா அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். ஆயிரம் வருஷத்துக்கு முன் அதற்குப் பார்ப்பது, காவல் காப்பது என்று பொருள். குற்றம் சாட்டுவது, பழி சொல்வது என்றும் பொருள். காலப்போக்கில் காவல் உதிர்ந்துபோய்ப் பழி மட்டும் மிஞ்சியது. அதுவும் ஸ்காட்லாந்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததோடு சரி. காப்பதும் பழிப்பதும் எப்படி ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன என்பது அவருடைய தீராத கேள்வி. போன் செய்தால் அதையே பேசுவார். “செத்துப்போன வார்த்தையால யாருக்கு இன்னா லாபம் நைனா? மாத்திரை துன்னியா, அதச் சொல்லு,” என்று இவள் வெட்டிவிடுவாள்.

“இதெல்லாம் நீயா எழுதின?”

“சாரு ஒவ்வொரு எழுத்தா சொல்வாரு. நான் கோலம் மாதிரி போடுவேன். எனக்கு இங்கிலீஷ் எங்க வரும்? சரியா கீதான்னு பாத்துட்டு விரல வெப்பாரு. தப்புன்னா கிழிச்சிடச் சொல்வாரு.”

“அத ஏன் ஒளிச்ச?”

வெளியே சித்தப்பா போனில் யாருக்கோ மையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சத்தியம் வாங்கிக்கினாரும்மா. நான் போயிட்டா விரல மறைச்சிக் கட்டிடு, பைய எரிச்சிடுன்னாரு. இங்கிலீஷ் சாரு கைநாட்டு ஆயிட்டாருன்னு யாருக்கும் தெரியக் கூடாதாம். தம்பிக்குத் தெரியவே கூடாதாம். சோப்பு போட்டுக் கழுவிப் பாத்தேன், மை போகல. காயிதத்த எரிக்க எனக்கு மனசு வரல.”

தாத்தா நெசவாளர் சங்கத்தில் கைநாட்டு வைத்து நூல் வாங்கியவர். டிகிரி வாங்கிய அன்று அப்பா, “நம்ம வம்சத்துல கைநாட்டு இன்னியோட போச்சு,” என்று தெருவே கேட்கச் சொன்னாராம். தறியிலேயே தங்கிவிட்ட தம்பி அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர்.

மேலாக இருந்த தாளில் நேற்றைய தேதி. பின்பக்கம் அதே சொல். ஆனால் அதன்கீழே தெலுங்கில் ஒரு வரி, தடுமாறாத கையெழுத்தில். தெலுங்கு மீடியத்தில் படித்த யாமினிக்கு அதை வாசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டவர் மேல்தான் பழி வரும்.

“இது?”

“நேத்துதான் எனக்கு அர்த்தம் சொன்னாரு. காப்பாத்தறதும் அதான், பழி போடறதும் அதான், எப்படின்னு தெலீதுன்னாரு. இதுல இன்னா சாரு, பாத்துக்கினவ மேலதான பழி வரும், எந்த ஊர்லயும் அப்படித்தானேன்னேன். இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. உன் எழுத்துலயே எழுதுன்னு சொல்லி விரல வெச்சாரு. அப்புறம் தண்ணி கேட்டாரு.”

யாமினியை வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த ஏழு மாதத்தில் தான் ஒருதரம்கூட அப்பாவைச் சிரிக்க வைக்கவில்லை என்பது அதைவிட வலித்தது. தாள்களை அள்ளிப் பையில் போட்டாள்.

கதவு திறந்தது. “இன்னா, கெடச்சுதா?” என்றார் நாகபூஷணம், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

“தேட வேணாம் சித்தப்பா. கைநாட்டு நான்தான் வாங்கினேன்.”

ரத்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாமினி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“நீயா? எப்போ?”

“நேத்து காலையில வந்து வாங்கிக்கினு போனேன்.”

“இன்னா பேப்பர்ல? கொட்டாய் பேப்பரா?”

“கொட்டாய் இல்ல.”

“பின்ன இன்னா? காட்டு பாக்கலாம்.”

யாமினி பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். நாகபூஷணம் பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சின்ன வயதில் தோளில் தூக்கிப்போய் நகரித் தேரைக் காட்டியவர். அவர் கண்ணில் இப்போது யாரோ ஓர் அந்நியப் பெண் நின்றாள்.

“வக்கீல் சார், லைன்லயே இருங்க,” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

குளிப்பாட்டி முடித்தார்கள். சீயக்காய் தேய்த்தும் விரலின் ரேகைகளுக்குள் மை அப்படியே நின்றது. புது வேட்டி கட்டி, நெற்றியில் இட்டு, கூடத்தில் கிடத்தினார்கள். விரல்களைக் கட்ட ஒரு நாடா கேட்டார்கள். யாமினி பழைய வேட்டியிலிருந்து அகலமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். வாசற்படியில் நின்று சித்தப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுற்றினாள். முடிச்சுப் போடும் இடத்தில் ரத்னம்மா தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். யாமினி அதன்மேல் இன்னொரு சுற்று சுற்றினாள்.