தூங்குமூஞ்சி மரத்தடிச் சாமிகள்

வளாகத்திலிருந்து ஒரு பொட்டுக் குப்பைகூட வெளியே போகக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் சட்டம் போட்டாயிற்று. அதை எழுதியவளே ஷர்மினிதான். பசுமை வளாக அலுவலகத்தில் ஒப்பந்த அதிகாரி. சோற்று மிச்சம் உரமாகும், தாள் தாளாகும், கண்ணாடி கண்ணாடியாகும் என்று பெரிய மனிதர்கள் முன்னால் மூச்சுவிடாமல் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தாள். கோலாலம்பூரிலிருந்து பரிசோதகர்கள் வருவார்கள். வளாகம் தேறினால் அவள் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்த கையோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாணவர் விடுதிக்குப் பின்னால் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை அவள் பார்க்கும்வரை.

மரத்தடி நிறையச் சாமிகள். சாயம்போன லட்சுமி, கண்ணாடி விரிசல் விட்ட முருகன், கறையான் அரித்த சட்டத்துக்குள் அசராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையார். வீட்டுக்குப் புதுப் படம் வாங்கியவர்கள் பழையதைக் குப்பையில் போட மனம் வராமல் இங்கே கொண்டுவந்து சாய்த்து வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் ஆட்கள் பொறுப்பைக் கை கழுவும்போதுகூட பக்தியாகத்தான் கழுவுவார்கள்.

இயக்குநர் நூர் ஃபாத்திஹா நல்ல மனுஷி. அதுதான் தொல்லை. "வேற ஆளு தொட்டா மரியாதையா இருக்காது லா, ஷர்மினி. உங்க ஆளுங்க சமாச்சாரம், நீங்களே பாத்துக்குங்க" என்று மலாயில் கனிவாகச் சொல்லிவிட்டார். கோபப்பட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம்.

துப்புரவு வேலை பார்க்கும் வடிவம்மாளிடம் போனாள்.

"கக்கூஸ் கழுவச் சொல்லுங்க மிஸ், கழுவுறேன். சாமிய மட்டும் குப்பைத் தோங்ல போடச் சொல்லாதீங்க. நாளைக்கு என் வீட்ல ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பாப்பீங்க?"

சரி, நாமே பிரித்துப் போடுவோம் என்று ஷர்மினி திருப்புளியோடு மரத்தடியில் உட்கார்ந்தாள். கண்ணாடி தனி, மரச்சட்டம் தனி, தாள் தனி. முருகனைக் கவிழ்த்துப்போட்டு முதல் திருகாணியைத் திருகினாள். என்னமோ போலிருக்க, திருப்பி ஒருமுறை முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள். கை ஓடவில்லை. படித்தவள்தானே, வெறும் தாள்தானே இது என்று தன்னையே திட்டிப் பார்த்தும் கை கேட்கவில்லை. திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு எழுந்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. 'தயவுசெய்து சாமி படங்களை இங்கே வைக்காதீர்கள். பசுமை வளாக அலுவலகம்' என்று தமிழில் ஒரு பலகை எழுதி மரத்தில் மாட்டினாள்.

அடுத்த வாரம் படங்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டன. அதுவரை இப்படி ஒரு மரம் இருப்பதே தெரியாதவர்களுக்குக்கூட இப்போது தெரிந்துபோயிற்று. ஆபீஸ்காரர்களே பலகை மாட்டிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று லிட்டில் இந்தியா கடைத்தெருவில் பேச்சாம். யாரோ ஒரு கடைக்காரர் பழைய காலண்டர்களைக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். பலகைக்கும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

பரிசோதகர்கள் வருவதற்கு முன்தினம் அத்தனை படங்களையும் தன் காரின் பின்பெட்டியில் அடுக்கினாள். தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் தன் அம்மா வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்கு ஓட்டினாள். கோயில் செயலாளர் புவனேஸ்வரன் பின்பெட்டியைத் திறந்து பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி. பின்னால ஒரு ரூம் ஃபுல்லா இதேதான் கெடக்கு. பேசாம கடல்ல விட்டுருங்க லா."

"கடல்ல போடக்கூடாதுன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுனதே நான்தான் அண்ணே."

"அப்ப உங்களுக்குத்தானே வழி தெரியணும்?" என்றார் அவர், கிண்டலே இல்லாமல்.

படங்களோடு திரும்பும்போது பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் விரிந்து கிடந்தது. அவள் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வாயால் சொன்ன சொல்லே குறுக்கே வந்து நின்றது. அழுகைதான் வந்தது.

பரிசோதகர்கள் வந்தார்கள். மரத்தடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒருவர் பொட்டு வைத்த பலகையைப் பார்த்து, சமயப் பொருட்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நூர் ஃபாத்திஹா பெருமையோடு ஷர்மினியைப் பார்த்தார்.

"உரிய மரியாதையோட அப்புறப்படுத்துறோம்" என்றாள். அவளுடைய கார் எதிரேதான் நின்றிருந்தது.

வளாகம் தேறியது. வேலையும் நிரந்தரமானது. கூட்டத்தில் அதை அறிவித்த நூர் ஃபாத்திஹா, இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஒரு மரத்தோடு நிறுத்துவானேன், எல்லா விடுதிகளுக்கும் ஊழியர் வீடுகளுக்கும் இனி ஷர்மினியே பொறுப்பு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் வாயிலிருந்து "சரி" என்ற சொல்தான் வந்தது.

கார் நிறுத்துமிடத்தில் வடிவம்மாள் காத்திருந்தாள். கையில் துண்டு சுற்றிய பெரிய படம்.

"எங்க வீட்டுக்காரர் கும்பிட்ட அம்மன், மிஸ். அவர் போனதுலேருந்து இத பாத்தாலே எனக்குத் தாங்கல. மரத்தடியில வெச்சுட்டு வரவும் மனசு வரல. நீங்க எடுத்துக்கிட்டா நல்ல எடத்துக்குத்தான் போகும்னு எல்லாரும் சொல்றாங்க."

'எனக்கே ஒரு இடமும் தெரியாது அக்கா' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படம் ஷர்மினியின் கைக்கு வந்துவிட்டது. வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கினவளாக நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பின்பெட்டியில் இடமில்லை. அம்மனைத் தன் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தாள். வண்டியைக் கிளப்பியதும், யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்து கார் விடாமல் கத்தத் தொடங்கியது. ஷர்மினி எட்டி, பெல்ட்டை இழுத்து அம்மனுக்கு மாட்டினாள். கத்தல் நின்றது.

வாசலில் காவலாளி சலாம் வைத்துத் தடுப்பைத் தூக்கினார். இடப்பக்கம் போனால் வீடு, வலப்பக்கம் போனால் பாலமும் கடலும். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. அவள் இன்னும் எந்தப் பக்கமும் சிக்னல் போடவில்லை.