தராசுக்கு ஒரு மலசலகூடம்

கூட்டத்தில் நான்கு பேர். முகாமையாளர் குணரத்தினம் சுழல்கதிரையில் இருந்தார். களஞ்சியப் பொறுப்பாளர் ஜவ்பர் அவருக்கு வலப்பக்கம். சுமை தூக்குவோரின் தலைவர் இராசையா, உடுப்பெல்லாம் உரத்தூள் என்று கதிரையை மறுத்து யன்னல் விளிம்பில் குந்தியிருந்தார். லொறித் தராசுக்குப் பொறுப்பான நஜ்முன் நிஸா கதவோரத்தில், வாசலில் லொறி வந்தால் தெரிகிற மாதிரி.

துறைமுகத்தில் இறங்கும் உரம் கப்பல்துறையிலுள்ள இந்தக் களஞ்சியத்துக்கு வந்து, லொறியோடு தராசில் ஏறி எடை பார்த்துத்தான் வெளியூர் போகும். ஊழியர் நலனுக்கு என்ன தேவை என்று கொழும்புத் தலைமையகம் கேட்டிருந்தது. ஓய்வில் விளையாட ஒரு கரம்போட் என்றார் ஜவ்பர். முகாமையாளர் குறித்துக்கொண்டார்.

நஜ்முன் நிஸா வாசலடியில் ஒரு மலசலகூடம் கேட்டாள். இருப்பது களஞ்சியத்துக்குப் பின்னால், லொறிக்காரர்களும் பாவிப்பது, கொக்கி இல்லாதது. அதனால் கிண்ணியாவில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போகும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரில் கிருமி மறுபடியும் வந்திருந்தது. இப்படியே போனால் வேலையை விடத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விட அவளுக்கு மனமில்லை.

முந்தியும் கேட்டதுதான், ஊழியர் செலவுக்கு நிதி இல்லையாம் என்றார் குணரத்தினம்.

"மனிசருக்கெண்டு கேட்டால் தரமாட்டினம் சேர்," என்றார் இராசையா. "தராசு அறைக்கு ஏ.சி. எப்பிடி வந்தது? கொம்பியூட்டர் சூடாகுதெண்டு எழுதினம், அடுத்த கிழமை வந்திட்டுது. அதுக்கு முந்தி அங்கை இருக்கிற இந்தத் தங்கச்சிக்கு ஃபான் கேட்டதுக்கு இன்னும் பதிலில்லை."

தராசு மூத்திரம் பெய்யுமோ என்று ஜவ்பர் கேட்டார். அப்படியென்றால் தராசுக்கென்றே எழுதிக் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்றார் முகாமையாளர்.

கடிதத்தை நஜ்முன் நிஸாவே எழுதினாள். தராசுப் பொறுப்பாளர் தூரத்து மலசலகூடத்துக்குப் போய்வரும் நேரமெல்லாம் தராசு சும்மா கிடக்கிறது; லொறிகள் கண்டி வீதிவரை நிற்கின்றன; ஆகவே தராசின் தடையற்ற இயக்கத்துக்கு அதன் அருகிலேயே ஒரு மலசலகூடம் அவசியம்.

குணரத்தினம் இரண்டுதரம் வாசித்தார். "பிள்ளை, நீங்கள் ஒருநாளும் தராசை விட்டுப் போனதில்லையே. பொய்க்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"இனிப் போவன் சேர்."

வாசலில் ஹோர்ன் அடித்தது. அவள் மேசையிலிருந்த போத்தலை எடுத்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, தராசுப் பக்கம் திரும்பாமல் களஞ்சியத்துக்குப் பின்னால் நடந்தாள். லொறிக்காரர் யாரும் அங்கே போகாதபடி இராசையா மூலையில் போய் நின்றுகொண்டார்.

குணரத்தினம் யன்னலால் பார்த்தார். ஒரு லொறிக்குப் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. அவள் அவசரப்படவில்லை. வரிசையின் வால் கண்டி வீதியில் ஏறியதும் அவர் கையெழுத்து வைத்தார்.

நஜ்முன் நிஸா வந்து, லொறிகளை எடை பார்த்து அனுப்பிவிட்டு, உறையை ஒட்டினாள். அனுப்புநர் என்ற இடத்தில் 'லொறித் தராசு, கப்பல்துறை' என்று எழுதி, தபாலுக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினாள்.