சோளக்காட்டில் போய் நின்ற பன்னிரண்டு சிலிண்டர்

நெப்ராஸ்காவில், எங்கள் ஊர்ப்பக்கம், குளிர்காலம் வந்தால் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வேலைதான். குடிப்பார்கள். இல்லையென்றால் கொட்டகையில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதற்குள் அடங்காத என்ஜின் ஒன்றைத் திணித்து ஹாட் ராட் என்று பெயர் வைப்பார்கள். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன். அதனால்தான் இப்படி ஆயிற்று.

எல்லோரும் கார் என்ஜின் வைத்தார்கள், எட்டு சிலிண்டர். குவாரியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய லாரியில் பன்னிரண்டு சிலிண்டர் இருப்பதைப் பார்த்ததும் என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. எட்டைவிடப் பன்னிரண்டு பெரிது. என் பொறியியல் அறிவு அவ்வளவுதான். நான் கறிக்கடைக்காரன். எடையை மாட்டுக் கணக்கில்தான் சொல்ல வரும்: கொழுத்த காளை ஒன்று கண்ணாடிக்கு முன்னால் படுத்திருப்பது போல இருந்தது. அதைத் தூக்கி முப்பத்து நாலாம் வருஷத்து ஃபோர்டில் வைத்தபோது கார் மூக்கைத் தரையில் தேய்த்தது.

"மாப்ள, இது காரு இல்ல, ஏர் கலப்பை" என்றான் மச்சான் ஆர்லோ.

கெட்டி ஸ்ப்ரிங் போட்டேன். சிவப்பு பெயிண்ட் அடித்தேன். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு புகைக்குழாய்களுக்கும் குரோம் பூசினேன். பிரேக்கை மட்டும் அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளி வைத்தேன். ஓடப்போகிற வண்டிக்கு நிற்பதைப் பற்றி என்ன கவலை?

செப்டம்பரில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். எனக்குப் போட்டியாக வந்தது தபால் ஆபீஸ் ஐடெல்லா. வீட்டுக் காரில் வந்திருந்தாள். பின்சீட்டில் மளிகைப் பை.

"ஐஸ்கிரீம் உருகிடும் டெல்மார், சீக்கிரம் முடிச்சுக்கலாமா?" என்றாள்.

கொடி விழுந்தது. பந்தயக்காரன் மாதிரி கடைசி மூச்சுவரை என்ஜினை அலறவிட்டேன். சத்தத்தைக் கேட்டவர்கள் நான் அடுத்த மாவட்டத்தில் இருப்பதாக நினைத்திருப்பார்கள். ஐடெல்லா எனக்கு முன்னால் போய், திரும்பி, உருளைக்கிழங்கு பொரிக்கும் கடையருகே வண்டியை நிறுத்திவிட்டாள். நான் அதன்பிறகுதான் கோட்டைத் தாண்டினேன். பிரேக்கை மிதித்தேன். காளைக்கு அது உறைக்கவே இல்லை. ஓடுதளம் முடிந்தது, வேலி முடிந்தது, கோஸ்டலின் சோளக்காடு ஆரம்பமானது. அவசரமே இல்லாமல் சோளத்தைச் சாய்த்துக்கொண்டே போய், ஈரமண்ணில் புதைந்து நின்றோம்.

கோஸ்டல் நிதானமாக நடந்து வந்தார். அறுபது வயது, வாயில் பல்குச்சி.

"இந்தப் பக்கம் இன்னும் நாலு வரிசை நிக்குது. அதையும் முடிச்சுட்டுப் போயேன்."

ஆர்லோ தன் சின்ன டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்தான். டிராக்டரின் முன்சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. பயந்து கியரை எடுத்துவிட்டு, உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தான். நான் என் பங்குக்கு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சேறு வேடிக்கை பார்க்க வந்து நின்ற ஐடெல்லாவின் கவுனில் விழுந்தது.

என் மனைவி லோர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். கதவைத் திறந்து, "இறங்கு" என்றாள்.

"எனக்குத் தெரியும் லோர்னா."

"தெரிஞ்சதைத்தான் ஊரே பார்த்துச்சே. இறங்கு."

இறங்கினேன். பின்பக்கம் கனமில்லாததால்தான் சக்கரம் சுற்றுகிறது என்று என்னையும் கோஸ்டலையும் ஐடெல்லாவையும் டிக்கி மூடிமேல் உட்காரச் சொன்னாள். முன்னால் கொஞ்ச தூரத்தில் மண்சாலை. முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல விட்டாள். என்ஜின் முனகியது. கார் எழுந்து, மாடு எழுந்து நடப்பது போல நடந்தது.

சங்கிலியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆர்லோ டிராக்டரோடு பின்னோக்கிச் சோளத்துக்குள் வந்துகொண்டிருந்தான்.

"ஏய் லோர்னா, நிறுத்து! நானும் வர்றேன்டி!"

"வந்துட்டுத்தானே இருக்கே" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்து.

கோஸ்டலின் பல்குச்சி கீழே விழுந்தது. சிரித்துச் சிரித்து அவரே விழப் பார்த்தார். நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நஷ்டத்துக்குப் பதிலாகக் குளிர்காலம் முழுக்கக் கறி கொடுப்பதாகச் சொன்னேன். "ஓட்டுறது உன் பெண்டாட்டினா இன்னும் நாலு வரிசை இனாம்" என்றார்.

வீட்டுக்கும் லோர்னாதான் ஓட்டினாள், பாதி வேகத்தில், பிரேக்கை நம்பாமல் கியரிலேயே நிறுத்தி நிறுத்தி. என்ஜினில் சிக்கியிருந்த கதிர்கள் சூட்டில் வறுபட்டு வாசனை வந்தது. காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. வழியில் அவள் நிறுத்தியபோது இறங்கி, ஒன்றை உருவி உரித்துக் கடித்தேன். மாட்டுத் தீவனச் சோளம், கூழாங்கல் மாதிரி.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.