ஏழாவது லைனின் ரகசிய எண்

பொம்மனஹள்ளியில் அந்தத் தையல் ஆலையின் ஏழாவது லைனில் முப்பது பெண்கள் வேலை செய்தார்கள். யசோதா என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேர் யோசிப்பார்கள். "பேங்க் அக்கா" என்றால் உடனே கை காட்டுவார்கள்.

சம்பளத்தைப் போனிலேயே பார்க்க, வாடகை அனுப்ப, பிள்ளைகளின் ஃபீஸ் கட்ட அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அதற்கு முன்பெல்லாம் பணம் எடுக்க வேண்டுமென்றால் பேங்க் வரிசையில் அரைநாள் போய்விடும், அரைநாள் கூலியும் போய்விடும். இல்லாவிட்டால் ஏடிஎம் கார்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வழி பார்த்திருக்க வேண்டும். அதே லைனில் தைக்கும் முத்தம்மாவின் கணவன் எத்திராஜ் அப்படித்தான் கார்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சம்பளத்தில் பாதி அடுப்பங்கரைக்கு வந்து சேராது. இப்போது ஏழாம் தேதி சம்பளம் விழுந்ததும், அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையிலேயே முத்தம்மா வாடகையையும் மகளின் ஃபீஸையும் அனுப்பிவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் யசோதா மனசுக்குள் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள்.

சொல்லிக் கொடுத்த நாட்களில் ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. ரகசிய எண்ணை எல்லோரும் மறந்தார்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் அன்றைக்கு முழுக்கக் கணக்கு திறக்காது. யசோதாதான் யோசித்து ஒரு வழி சொன்னாள்: "ஆளாளுக்கு ஃபேக்டரியில குடுத்த டோக்கன் நம்பர் நாலு இலக்கத்துல இருக்குல்ல? போனுக்கும் அதையே போடு, பேங்குக்கும் அதையே போடு. செத்தாலும் மறக்காது." எல்லோரும் அவள் மூளையை மெச்சினார்கள்.

இந்த மாதம் ஏழாம் தேதி காலை, மிஷினை ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முத்தம்மா வெளிறிய முகத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, போனு போச்சுக்கா. எப்பவும் போல கேட்ல போன் பெட்டியில போடலாம்னு கையை விட்டா, பையில இல்ல. ஷேர் ஆட்டோவுலயே வுட்டுட்டேன்."

"சரி, பதறாத. பின் நம்பர் தெரியாம யாரும் பணத்தைத் தொட முடியாது."

"என் ஐடி கார்டும் போனு வெச்ச பவுச்சுலதான் இருக்குது."

யசோதாவின் கை துணியிலேயே நின்றுவிட்டது. ஐடி கார்டில் போட்டோ இருக்கும். போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் டோக்கன் நம்பர் இருக்கும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பது பேருடைய ரகசிய எண்ணையும் அவரவர் கழுத்திலேயே மாட்டி ஊர் முழுக்கக் காட்டச் சொன்னது அவள்தான்.

"சம்பளம் வந்திருக்கும்கா. பதிமூணாயிரம். அது போச்சுன்னா, 'பொம்பளைக்கு எதுக்கு போனு பேங்கு'ன்னு மறுபடி கார்டைப் புடுங்கிக்கும் அந்த ஆளு."

லைனை மேற்பார்வை பார்க்கும் சந்திரம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஏன் யசோதா, டார்கெட்டை உங்க அப்பன் வந்து முடிப்பானா?"

யசோதா எழுந்து போய் விஷயத்தைச் சொன்னாள். வேலை நேரத்தில் போனைத் தொட்டால் அபராதம் உண்டு. சந்திரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், முத்தம்மாவைப் பார்த்தாள். பிறகு யசோதாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள்.

"ஹோகு, ஹோகு! சீக்கிரம் போ. பத்து நிமிஷம் நான் ஓட்டறேன். கோணலா தைச்சா என்னைத் திட்டக் கூடாது."

முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், கேட்டில் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்து முத்தம்மாவின் எண்ணுக்கு அடித்தாள் யசோதா. மணி போனது, யாரும் எடுக்கவில்லை. பேங்க் உதவி எண்ணுக்கு அடித்தாள். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், நாலை அழுத்தச் சொன்னார்கள், அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பேங்க் வரிசையில் நின்றபோதாவது முறைத்துப் பார்க்க எதிரில் ஒரு முகம் இருந்தது. அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் முத்தம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஆட்டோ கவியரசன். வண்டி ஓட்டிட்டு இருந்தேன், இப்பத்தான் பார்த்தேன். ஃபேக்டரி கேட்டுக்கே வந்துடறேன்."

சொன்னபடி வந்தான். முத்தம்மா போனை வாங்கி பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தாள். பதிமூவாயிரமும் அப்படியே இருந்தது. நூறு ரூபாய் அனுப்புகிறேன் என்றதற்குக் கவியரசன் சிரித்தான்.

"அதெல்லாம் வேணாம்கா. ஆனா ஒண்ணு. உங்க மிஸ்டு கால் பார்த்தேன், போன் லாக்கா இருந்துச்சு. சும்மா அந்தக் கார்டு நம்பரைப் போட்டேன், தொறந்துடுச்சு. பூட்டைப் போட்டு சாவியையும் அதுலயே கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களே! எவன் சொல்லிக் குடுத்தது?"

யசோதா தன் கழுத்தில் தொங்கிய கார்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

திரும்பி நடக்கையில் முத்தம்மா அவள் கையைப் பிடித்தாள். "யாருக்கும் தெரிய வேணாம்கா. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டால் பேங்க் அக்காவின் பேர் கெடாது. ஆனால் இன்றைக்கு ஆண்டவன் ஒரு நல்லவன் கண்ணில் அந்தப் பவுச்சைப் பட வைத்தார். அடுத்த தடவைக்கும் அவரையே காவல் நிற்கச் சொல்வது என்ன நியாயம்?

மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் யசோதா டிபன் பாக்ஸைத் திறக்காமல் எழுந்து நின்றாள். "நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தாள். முத்தம்மாவின் பேரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள்.

ஹால் கசமுசவென்றானது. "எங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதான் போல. பேசாம பேங்குக்கே போயிடலாம்" என்றாள் ஒருத்தி.

"போயேன். அரைநாள் கூலியை உங்க வீட்டுக்காரரா குடுப்பாரு?" என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லட்சுமம்மா.

அப்போது முத்தம்மா எழுந்தாள். "தொலைஞ்சது என் போனுதான். வீட்டுல தெரிஞ்சா தெரியட்டும், நானே சொல்லிக்கறேன். நம்பரை மாத்துவேன், பேங்கை வுட மாட்டேன். அக்கா, எப்பிடி மாத்தறதுன்னு காட்டு."

யசோதா காட்டினாள். டோக்கன் நம்பர் கூடாது, பிறந்த வருஷம் கூடாது, புருஷன் பிள்ளைகளிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சாப்பாட்டு வேளைக்காகக் கேட் பெட்டியிலிருந்து வாங்கி வந்திருந்த போனை எடுத்துக்கொண்டு முப்பது பேரும் எழுந்தார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பினாள், ஒருத்தி தூணுக்குப் பின்னால் போனாள், ஒருத்தி துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். பரீட்சை ஹால்போல அவ்வளவு அமைதி.

முத்தம்மா முதலில் முடித்துவிட்டு வந்தாள்.

"என்ன நம்பர்டி போட்ட?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள் யசோதா.

முத்தம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உனக்கும் சொல்ல மாட்டேன், போக்கா."

பேங்க் அக்கா என்று முப்பது பேர் கூப்பிட்டபோதுகூட யசோதா இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.