சிவப்புத் துண்டு காயும் நாள்

தண்ணீர் வருகிற நாளில் அந்தத் தெருவில் கிரைண்டர் ஓடாத வீடு கிடையாது. காலை ஐந்தரைக்கு வால்வு திறந்தால், ஐந்தே முக்காலுக்குத் தெரு முழுக்கக் கடகடவென்று மாவு அரைபடும். மிக்சி கத்தும். டிவியில் பக்திப் பாட்டு அலறும். விவரம் தெரியாத வெளியூர்க்காரன் உள்ளே நுழைந்தால், சங்கரன்கோவில்காரர்களுக்கு இட்லி என்றால் இவ்வளவு உயிரா என்று வியந்துவிட்டுப் போவான். இட்லியாவது மண்ணாவது! எல்லாம் மோட்டார் சத்தத்தை அமுக்குகிற ஏற்பாடு.

குடிநீர்க் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சக் கூடாது. பிடித்தால் மோட்டாரும் போகும், அபராதம் கட்டாவிட்டால் இணைப்பும் போகும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு நாளைக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் வருகிற தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரி உறிஞ்சிக்கொண்டிருக்க, நாம் மட்டும் யோக்கியமாகக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் குழாயில் காற்றுதான் வரும். ஆகவே ஒருத்தி வைத்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள், கடைசியில் தெருவே வைத்தது.

இதைப் பிடிக்க வேண்டியவர் கோமதிநாதன். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டர். வால்வைத் திறப்பதும் அவர்தான், சோதனைக்கு வருவதும் அவர்தான், அதே தெருவின் கடைசி வீட்டில் குடியிருப்பதும் அவர்தான். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கரண்டு பார்க்கிற டெஸ்டர் இருக்கும். ஊரில் எத்தனையோ தெருவில் மோட்டார் பிடித்திருக்கிறார். சொந்தத் தெருவில் மட்டும் இன்றுவரை ஒரு திருகாணி கூட அகப்பட்டதில்லை.

எப்படி அகப்படும்? அவர் சோதனைக்குப் போகிற நாளில் பிடிக்கிற மோட்டார்களைப் போட்டுவர மனைவியிடம் ஒரு சாக்கு கேட்பார். முத்துமீனாளும் பொறுப்பாக உதறி மடித்துக் கொடுப்பாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மாடிக்கு ஏறி, கொடியில் ஒரு சிவப்புத் துண்டைக் காயப் போட்டுவிடுவாள். அவ்வளவுதான். கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நிற்கும். மோட்டார்கள் அரிசி டிரம்முக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்றாம் வீட்டு முப்பிடாதியம்மாள்தான் இதில் கெட்டிக்காரி. மோட்டாரைத் தொட்டிலில் போட்டுப் போர்த்தி, ஆராரோ பாடி ஆட்டிக்கொண்டிருப்பாள். "சத்தம் போடாதிங்கப்பா, புள்ள தூங்குது" என்று கோமதிநாதன் தன்னோடு வந்தவர்களை அதட்டிவிட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே வருவார். அந்த வீட்டில் எட்டு வருஷமாகப் பிள்ளை பிறக்கவில்லை என்பது அந்த மனிதருக்கு உறைத்ததே இல்லை.

தெருவுக்கு இவ்வளவு உபகாரம் செய்கிறவள் தனக்கு ஒன்று செய்துகொள்ளாமல் இருப்பாளா? கிரைண்டரின் அடியில் பழைய சேலைத் திரைக்குப் பின்னால் முத்துமீனாளும் ஒரு அரை எச்.பி. மோட்டார் வைத்திருந்தாள். அவர் வால்வு திறக்கப் போனதும் மாட்டுவாள், எட்டு மணிக்கு அவர் திரும்புவதற்குள் கழற்றிவிடுவாள். பிளக்கில் மூன்று பின் இருந்தது; சுவரில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. எர்த்துக்கான மூன்றாவது பின்னைக் குறடால் முறித்துப்போட்டு வேலையை முடித்துவிட்டாள். டாங்க் நிறைந்தது. கோமதிநாதனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க தெருவுல ஒரு மோட்டார் கெடையாது. கடைசி வீடு என் வீடு, அங்கனயே தண்ணி ஏறுதுன்னா பாத்துக்கிடுங்க" என்று ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம்!

இப்படி மூன்று மாதம் ஓடியது. வளைகாப்பு முடிந்து மகள் மீனலோசினி புகுந்த ஊரான திருவேங்கடத்திலிருந்து பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, எந்தச் செருப்பும் நுழையாமல், வீடு முழுக்க வெறுங்காலோடு நடந்தாள். வந்த நாலாம் நாள் காலையில் பின்கட்டுக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து, "எம்மா, விரலெல்லாம் மரத்துப் போகுது. ஊசி குத்துத மாதிரி இருக்கு" என்றாள்.

"மாசமா இருக்கவளுக்கு அப்படித்தாட்டி இருக்கும். முருங்கைக்கீரை தின்னு."

கீரை தின்றாள். ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள், இந்தச் சமயத்தில் விரல் மரப்பது உண்டுதான் என்றார்கள். ஆனாலும் மனசு கேட்காமல் முத்துமீனாள் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, குழைத்து, மகளின் பத்து விரலிலும் பூசிவிட்டாள். அன்றைக்கே மரப்பு நின்றது. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. "பாத்தியா! கோமதியம்மன் கைவிடுவாளா?" என்று கண் கலங்கி, வெள்ளியில் கை செய்து போடுவதாக நேர்ந்தும்கொண்டாள். நாலாம் நாள் தண்ணீர் வந்தது. மரப்பும் வந்தது. புற்றுமண்ணின் பலம் மூன்று நாள்தான் போலிருக்கிறது என்று மறுபடி வாங்கி வந்து பூசினாள்.

அந்த வாரம் தண்ணீரில் ஒரு வாடை அடித்தது. வடிகட்டினால் துணியில் கறுப்பாக நூல் நூலாக நின்றது. கோமதிநாதன் ஒரு தம்ளரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வாறுகால் தண்ணி கலந்திருக்கு. எங்கனயோ குழாய் கீறியிருக்கணும்."

"குழாய்க்குள்ள சாக்கடை எப்படிங்க போகும்?" என்று முத்துமீனாள் கேட்டாள்.

"தண்ணி தன்னால தள்ளிக்கிட்டு வந்தா, கீறல் வழியா வெளியதான் கசியும். மோட்டார் வச்சு உறிஞ்சுனா, வெளிய கெடக்க சாக்கடைய உள்ள இழுத்துரும். எந்தத் தெருவுலயோ களவாணிப் பயலுவ வைக்கானுவ." கிரைண்டரில் சாய்ந்துகொண்டேதான் சொன்னார். அவர் முழங்காலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு பழைய சேலைதான் இருந்தது. "போன வருசம் அடுத்த தெருவுல நாலு பேருக்கு மஞ்சக்காமாலை. நம்ம வீட்டுல மாசமான புள்ள இருக்கு. தண்ணிய நல்லாக் கொதிக்க வையி."

"கேன் தண்ணி வாங்குவமா?"

"ஊருக்குத் தண்ணி விடுதவன் வீட்டுலயே கேன் தண்ணியா? நல்லா இருக்கே நாயம்!"

மாசமாக இருக்கிறவளுக்குக் காமாலை வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொன்னது முத்துமீனாளின் காதுக்குள்ளேயே நின்றது. குடிப்பதைக் கொதிக்க வைக்கலாம். பல் விளக்குவது, வாய் கொப்பளிப்பது எல்லாவற்றையும் கொதிக்க வைக்க முடியுமா? நாம் மோட்டாரை நிறுத்திவிடுவோமா என்று நினைத்தாள். நான் ஒருத்தி நிறுத்தினால் மற்றவர்கள் நிறுத்துவார்களா? சாக்கடை வருவது வரும், நம் பங்குத் தண்ணீர்தான் போகும். இப்படிக் கணக்குப் போட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

அடுத்து தண்ணீர் வந்த காலையில் அவளுடைய ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. செருப்பை உதறிவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு போய்க் குழாயைத் தொட்டாள். சுரீரென்று முழங்கை வரை ஏறியது. நம்ப முடியாமல் மறுபடி தொட்டாள். எந்தக் காலத்தில் ஒரு தடவையில் நம்பியிருக்கிறாள்! மறுபடியும் சுரீர்.

மரப்பு. தண்ணீர் வருகிற நாள். வெறுங்கால். ஒவ்வொன்றாகக் கூடி வந்து நெஞ்சில் இடித்தது. அதே நேரம் மீனலோசினி வயிற்றைப் பிடித்தபடி, முகம் கழுவப் பின்கட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, தொடாத! அங்கனயே நில்லு!"

"என்னம்மா?"

"பூரான்! குழாய்ல பூரான் கெடக்கு!"

பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முத்துமீனாள் கிரைண்டர் ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளுக்குத் தன் கையாலேயே கரண்டு வைத்து, சாக்கடையையும் குடிக்கக் கொடுத்து, மேலே புற்றுமண்ணையும் பூசியிருக்கிறாள். அம்மன் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாய்க்குள் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் அவளுக்கு ஒரே யோசனை. நாலாம் நாள் விடியலில், வால்வு திறக்கக் கிளம்பிய கணவனிடம் கேட்காமலே சாக்கைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னைக்கு நம்ம தெருவுக்குப் போயிட்டு வாங்க."

"இங்கன என்னட்டி இருக்கு?"

"போய்த்தான் பாருங்களேன்."

அவர் போனார். முத்துமீனாள் மாடிக்குப் போகவில்லை. சிவப்புத் துண்டு பெட்டியில் மடித்தபடி கிடந்தது.

ஆறரைக்குத் தெருவில் கூப்பாடு கேட்டது. கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோமதிநாதன் உள்ளே நுழைந்துவிட்டார். ஆறு வீட்டில் ஆறு மோட்டார். முப்பிடாதியம்மாள் தொட்டிலை விரிப்பதற்குக் கூட நேரம் கிடைக்கவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பேயறைந்த முகத்தோடு அவர் வீட்டுக்கு வர, பின்னாலேயே பெண்கள் கூட்டமாகத் திரண்டு வந்தார்கள்.

"யக்கா, துண்டு எங்க?" முப்பிடாதியம்மாள் வாசலிலிருந்தே கத்தினாள். "இப்படிக் கழுத்தறுத்துட்டியே! இன்னைக்கு ஏன் துண்டு போடல?"

கோமதிநாதன் திரும்பினார். "என்ன துண்டு?"

முப்பிடாதியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகளை முன்னறையில் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வந்த முத்துமீனாள், சாக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுல இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்குமாங்க?"

சேலைத் திரையை விலக்கினாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"தொடாதீங்க" என்றாள். மகளின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருந்த பிளக்கை எடுத்தாள். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு சொருகி, சுவிட்சைப் போட்டாள். "அந்த டெஸ்டர எடுத்துக் குழாய்ல வச்சுப் பாருங்க."

வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்னாலேயே உள்ளே வந்து குழாயை ஒட்டி நின்ற முப்பிடாதியம்மாள் நாலடி பின்னால் துள்ளினாள். "எங்க வீட்டுலயும் மூணாவது பின்ன முறிச்சுத்தானக்கா போட்டுருக்கு" என்று அவள் முணுமுணுக்க, மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முத்துமீனாள் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"மீனு தொட்டாளா?" அவர் குரலே மாறிவிட்டது.

"விரல் மரக்குன்னாள்ளா" என்றாள் அவள்.

கோமதிநாதன் முன்னறைக்குப் போய், கட்டிலில் இருந்த மகளின் வீங்கின பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து தன் கையாலேயே மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் போட்டார். நோட்டை எடுத்துப் பிடிபட்ட வீடுகளை எழுதும்போது, முதல் வரியில் தன் வீட்டுக் கதவு எண்ணை எழுதினார்.

ஏழு வீட்டுக்காரர்களும் அபராதம் கட்டினார்கள். ஒரு வாரத்தில் வாறுகாலுக்கு அடியில் தோண்டிக் கீறலைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கடைசி வீடு வரை தானாக வந்தது, வாடை இல்லாமல் வந்தது. மீனலோசினி குழாயைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, மரக்கவே இல்ல!" என்றாள். முத்துமீனாள் மறக்காமல் வெள்ளிக் கையைக் கொண்டுபோய்க் கோவிலில் போட்டாள். பூரான் யோசனையைக் கொடுத்தது அம்மன்தானே!

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் திடீரென்று சன்னமாகிவிட்டது. தெருவில் இரண்டு மூன்று கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் எது மாவு, எது மோட்டார்? வால்வைத் திறந்துவிட்டு வந்த கோமதிநாதன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

முத்துமீனாள் பெட்டியைத் திறந்து, சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவளை இப்போது தெருவில் ஒருத்தியும் நம்புவதில்லைதான். இருந்தாலும் கொடியில் துண்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? விரித்துப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மாவு அரைத்த கிரைண்டர்கள் தம் பாட்டுக்கு ஓடின. ஒன்று மட்டும் பொட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஆராரோ கேட்டது.

அவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கணவனிடம் சொன்னாள்.

"மூணாவது வீடு. தொட்டில்ல பாருங்க. போகும்போது செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க."